மீட்பு

வங்கியில் நான் தினமும் புழங்கும் வார்த்தை, மீட்பு. அசலும் வட்டியும் கட்டியவருக்கு அவர் வைத்த நகையே, வைத்த எடையிலேயே திரும்பக் கிடைக்கிறது. வருஷநாட்டில் காட்டை மீட்க வேண்டும் என்று பேசுகிறவர்களும் ஏறக்குறைய இந்த அர்த்தத்தில்தான் பேசுகிறார்கள்.

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வைகை பிறக்கும் மலைகள் அதில் அடக்கம். சரிவுகளில் வெட்டித் திருத்திய விளைநிலம் மறுபடி காடாவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நீர்ப்பிடிப்பு மொட்டையானால் ஆற்றில் மணல்தான் மிஞ்சும். என் தயக்கம் 'மறுபடி' என்ற சொல்லின் மேல்.

வடக்கே தெரியும் பழனிமலையில் புல்வெளியைத் தரிசு என்று கருதி வனத்துறையே வாட்டிலும் பைனும் நட்டது. இன்று அவற்றை அகற்றிப் புல்லைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த அந்நிய நிழலிலேயே பல இடங்களில் சோலைக் கன்றுகள் முளைத்து நிற்கின்றன. அடகு போனது புல்வெளி. திரும்பி வருவது சோலை. எதை வைத்துக்கொள்வது? இயற்கை இதற்குப் பதில் சொல்லாது. தேர்வு நம்முடையது, ஆகவே பொறுப்பும்.

1940களில், அதிக உணவு விளைவிக்கச் சொல்லி சர்க்கார் பிரசாரம் செய்த நாட்களில், மலையேறியவர் என் தாத்தா. இலவம்பஞ்சு விற்ற காசில் நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தேன். நிலத்தைக் கைமாற்றிவிட்டு நாங்கள் கீழே இறங்கிவிட்டோம். வாங்கியவர் இன்னும் மேலே இருக்கிறார். பட்டா இல்லை, அதனால் பயிர்க்கடன் இல்லை. மனைவியின் சங்கிலியோடு என் கவுண்ட்டருக்குத்தான் வருகிறார்.

"இலவ மரம் மரமில்லையா தம்பி? அதுவும் காடுதான?" என்றார் ஒரு நாள். அது அமெரிக்கக் கண்டத்து மரம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்துக்கும் காடு என்றுதான் பெயர். அவர் பேச்சில் பிழையில்லை.

காடு வரட்டும். ஆனால் அதற்கான வட்டி முழுவதையும் கடைசியாக அகப்பட்டவன் தலையில் கட்டுவது நியாயமல்ல. அசலைத் தின்றவர்கள் வேறு: பஞ்சு மெத்தையில் படுத்தவர்கள், வைகைத் தண்ணீர் குடிக்கிறவர்கள், இதை எழுதுகிற நான். எங்கள் பெயரில் எந்தப் பேரேட்டிலும் பாக்கி இல்லை.

சங்கிலியை எடை போட்டுச் சீட்டு எழுதினேன். விவசாயக் கடனைவிட இதற்கு வட்டி கூடுதல் என்றேன். தெரியும் என்பதுபோல் தலையாட்டினார்.