கொடுத்த கண்ணும் காணாத கண்ணும்

தமிழர் கண்ணப்பனைப் போற்றுகின்றனர். சிங்கள மக்கள் சிவி மன்னனைப் போற்றுகின்றனர். காளத்தி வேடன் தன் கண்ணைப் பெயர்த்து இறைவன் கண்ணில் அப்பினான். ஜாதகக் கதையின் அரசன், கேட்டு வந்த குருட்டு அந்தணனுக்குத் தன் இரு கண்களையும் ஈந்தான். மொழி வேறு, மதம் வேறு. ஆயினும் கண்ணைக் கொடுப்பதினும் பெரிய கொடை இல்லை என்பதில் இவ்விரு மக்களுக்கும் இடையே கருத்து வேற்றுமை இருந்ததில்லை. ஒத்த கருத்துக்கள் அருகிப்போன இத்தீவில் இதனை நாம் முதலில் குறித்துக்கொள்வது நல்லது.

அந்தப் பழங்கதையை விஞ்ஞானத்தின் துணைகொண்டு நடைமுறையாக்கியவர் டாக்டர் ஹட்சன் சில்வா. 1958இல், மருத்துவ மாணவராக இருந்த காலத்திலேயே, இறந்தவர் கண்ணுக்கு மீண்டும் உயிர் கொடுக்கலாம் என்று பத்திரிகையில் எழுதி மக்களை அழைத்தார் அவர். 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கம் தோன்றியது. 1964இல் முதன்முறையாக இங்கிருந்து கண்கள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. அன்றுதொட்டு ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் பல்லாயிரம் மக்கள் இத்தீவின் இறந்தவர்கள் ஈந்த கண்ணின் வழியே உலகைக் கண்டிருக்கின்றனர். யுத்தத்தாலும் கலவரத்தாலும் பெயர் கெட்ட ஒரு நாட்டுக்கு இது சிறிய பெருமையன்று. இதனைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமுமன்று.

ஆனால் ஒரு கேள்வி நம்மை விடாது தொடர்கிறது. கண்ணைக் கொடுப்பதை அறத்தின் சிகரமாகக் கருதும் ஒரு நாடு, தன் மலைச்சரிவில் வாழும் ஒரு குழந்தையின் கண்ணை ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கத் தவறலாமா? கொடையால் ஈடுசெய்ய முடியாத கடமை என்று ஒன்று உண்டா?

உண்டு என்பதே நம் விடை. அதற்கான சான்றைக் கண்ணின் அமைப்பே தருகிறது.

இறந்தவரிடமிருந்து எடுத்து மற்றொருவருக்குப் பொருத்தப்படுவது, கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போல் அமைந்திருக்கும் கருவிழிப் படலம் மட்டுமே. உள்ளே, ஒளியை வாங்கி மூளைக்கு அனுப்பும் விழித்திரை வேறு. அது கெட்டுப்போனால் அதற்கு மாற்று வைத்துப் பார்வை தரும் வழி மருத்துவத்துக்கு இன்னும் கைவரவில்லை. அந்த விழித்திரையிலேதான், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் புற்று தோன்றுகிறது. அது வளரவிடப்பட்டால் பார்வையைப் பறிப்பதோடு நில்லாது. பார்வை நரம்பின் வழியே மூளைக்குச் சென்று உயிரையும் கவர்ந்துவிடும். இந்தக் குழந்தைக்கு எத்தனை வள்ளல்கள் கண்ணைத் தானம் செய்தாலும் பயனில்லை. அதற்குத் தேவைப்படுவது இறந்தவரின் கண்ணன்று. உயிரோடு இருப்பவரின் பார்வை, அதுவும் காலத்தோடு கிட்டும் பார்வை.

இந்நோயைப் பற்றி மனித இனம் நிரம்பக் கற்றிருக்கிறது. விழித்திரையிலேதான் இது பிறக்கிறது என்றும், கண்ணை விரைவில் அகற்றினால் உயிரைக் காக்கலாம் என்றும் 1809இலேயே எடுத்துச் சொன்னவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வார்ட்ராப். 1851இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தாம் கண்ட கண்ணோக்கிக் கருவியை உலகுக்கு வெளியிட்டார்; உயிருள்ள கண்ணின் உட்புறத்தை மனிதன் கண்டது அதன் பின்னரே. 1971இல் அமெரிக்க மருத்துவர் அல்பிரட் நட்சன் 48 குழந்தைகளின் நோய்க்குறிப்புகளை வைத்துக்கொண்டு ஓர் எளிய கணக்குப் போட்டார். சிலருக்கு இரு கண்களிலும் சீக்கிரமே புற்று வருவதேன்? மற்றவருக்கு ஒரு கண்ணில் மட்டும், அதுவும் சற்றுத் தாமதித்து வருவதேன்? ஓர் உயிரணு புற்றாக மாற இரண்டு அடிகள் விழ வேண்டும். முதற் குழந்தைகள் அவற்றுள் ஓர் அடியைப் பிறப்பிலேயே தாங்கி வந்தவர்கள் என்றது அவர் கண்ட முடிவு. 1986இல் அந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. புற்றை அடக்கி வைக்கும் மரபணுக்களில் முதலாவதாகக் கைக்கு அகப்பட்டது இதுவே. பின்னர் நுரையீரல் புற்றிலும் எலும்புப் புற்றிலுங்கூட இதே மரபணுவின் பழுது காணப்பட்டது.

இதன் பொருளை நாம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். புற்றுநோய் எப்படிப் பிறக்கிறது என்ற பெரிய உண்மையை, பால்மணம் மாறாத சில குழந்தைகளின் இழந்த கண்களிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது. அவர்கள் கண்ணப்பனைப் போல் விரும்பிக் கொடுத்தவர்கள் அல்லர், கேட்கப்படாமலே கொடுத்தவர்கள். ஆகவே விஞ்ஞானம் அந்தக் குழந்தைகளுக்குக் கடன்பட்டிருக்கிறது. கடனைத் திருப்பிக் கொடுப்பதைத் தருமம் என்று யாரும் அழைப்பதில்லை.

கடன் திருப்பப்பட்டதா? வளம் படைத்த நாடுகளில் திருப்பப்பட்டிருக்கிறது. அங்கே இந்நோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் பிழைத்துக்கொள்கின்றனர். ஆனால் 153 நாடுகளில் 4351 குழந்தைகளைக் கணக்கெடுத்து 2020இல் வெளியான உலக ஆய்வு வேறொரு காட்சியையும் காட்டிற்று. செல்வ நாடுகளில் நோய் கண்டறியப்படும் நடுவயது 14 மாதம். மிக வறிய நாடுகளிலோ 30 மாதம். செல்வ நாடுகளில் கண்ணைத் தாண்டி நோய் பரவிய நிலையில் வந்த குழந்தைகள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை; வறிய நாடுகளில் ஏறக்குறையப் பாதிப்பேர். இரண்டிடத்தும் புற்று ஒன்றே, மரபணு ஒன்றே. இடையில் நிற்பது பதினாறு மாதம். அந்தப் பதினாறு மாதத்தை எந்த நுண்ணோக்கியாலும் காண முடியாது. சமுதாயத்தை நோக்கும் கண்ணுக்கே அது புலப்படும்.

இலங்கை அந்த அடிவரிசை நாடுகளில் ஒன்றன்று. இங்கே அரசாங்க வைத்தியம் இலவசம். கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இந்நோய்க்கென்றே பயின்ற மருத்துவர்கள் இருக்கின்றனர். ஆனால் ஒரு நாட்டின் சராசரிக் கணக்கு ஒரு லயத்தின் கதையைச் சொல்லிவிடுவதில்லை. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு உள்ள தூரத்தை மைலால் அளப்பது தவறு. தோட்டத்துத் தாய் அதனைப் பேரால் அளக்கிறாள்.

காலையில் பெரட்டுக்குப் போகுமுன் குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்கிறாள் அவள். மலையில் கொழுந்தெடுத்துத் திரும்புகையில் பொழுது சாய்ந்துவிடும். இருண்ட லயத்து அறையில், விளக்கொளி சாய்வாக விழும் ஒரு கணத்தில், குழந்தையின் கண்மணி பூனைக்கண் போல் வெள்ளையாக மினுங்குகிறது. இதுவே இந்நோயின் முதல் அடையாளம். மற்றோர் அடையாளம் மாறுகண். மாறுகண் அதிர்ஷ்டம் என்று பாட்டி சொல்லியிருக்கிறாள். எனினும் தாயின் மனம் ஒப்பவில்லை. ஒரு நாள் தோட்டத்து மருந்தகத்துக்கு, ஒரு நாள் டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ, பிறகு கண்டிக்கு, பிறகு கொழும்புக்கு. ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போகிறது. நேரம் கழித்து மலைக்கு வந்தாலோ, எடுத்த கொழுந்து நிறையில் குறைந்தாலோ அரைப்பேர்தான். 2021இல் வர்த்தமானி மூலம் நாட்கூலி 1000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்படவே எத்தனை ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது என்பதை மலையகம் அறியும். இலவச வைத்தியத்தின் வாசலை அடைவதற்கு ஓர் ஏழை கொடுக்கும் விலை இது.

அந்த வாசலில் மற்றொரு சுவர் நிற்கிறது. உயிரைக் காக்கக் கண்ணை எடுத்தாக வேண்டும் என்னும் சொல், ஒரு தாய் கேட்கக்கூடிய சொற்களில் மிகக் கொடிது. அச்சொல் அவளுக்கு விளங்காத மொழியில், அவசரத்தில், யாரோ ஒருவரின் அரைகுறை மொழிபெயர்ப்பில் வந்து விழுந்தால் அவள் என்ன செய்வாள்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிடுவாள். மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் நேர்ந்துகொள்வாள். அவளை மூடநம்பிக்கையுடையவள் என்று நகைப்போரோடு நமக்கு உடன்பாடில்லை. அம்மன் அவளுக்குத் தெரிந்த மொழியில் செவிசாய்க்கிறாள், பக்கத்தில் இருக்கிறாள், பேர் கேட்பதில்லை. வைத்தியசாலையும் அவ்வாறு ஆகட்டும். பிறகு அவளது அறியாமையைப் பற்றிப் பேசலாம்.

1996 நவம்பரில் முன்னாள் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன மறைந்தபோது அவருடைய கண்கள் தானமாக வழங்கப்பட்டன. அது மேலான செயலே. ஆயினும் 1948இல் அவர் நிதியமைச்சராக வீற்றிருந்த அமைச்சரவையே குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஏறத்தாழ 7 இலட்சம் மலையக மக்களை நாடற்றோர் ஆக்கியது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. இடைப்பட்ட காலம் 55 ஆண்டு. மறைந்த ஒருவரைக் கூண்டில் ஏற்றுவதற்காக நாம் இதனைச் சொல்லவில்லை. கொடுத்த கண்ணும் காணாத கண்ணும் ஒரே முகத்தில் இருக்கக்கூடும் என்பதற்காகவே சொல்கிறோம். அது ஒருவர் முகம் மட்டுமன்று; நம் எல்லோருடைய முகமும் அதுவே. தானம் செய்வோன் தன் மனத்தை நிறைத்துக்கொள்கிறான். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதைத் தானே தீர்மானிக்கிறான். நீதியோ எதிரே நிற்பவனின் தேவையிலிருந்து தொடங்குகிறது. ஆகவேதான் தானம் எளிது, நீதி அரிது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழக்கூடும். பிறக்கும் பதினையாயிரம் முதல் இருபதினாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் இந்நோய் வருகிறது. ஆண்டுக்கு 3 இலட்சத்துக்கும் குறைவான குழந்தைகள் பிறக்கும் இந்நாட்டில் அது இருபதைத் தாண்டாது. தோட்டங்களில் விரல்விட்டு எண்ணலாம். இரத்தச்சோகையும் எடைக்குறைவும் மலிந்த மலையில், அபூர்வமான ஒரு நோய்க்காகக் குரலெழுப்புவது பொருந்துமா என்பர். பலருடைய பசியை ஒருவருடைய கண்ணோடு தராசில் நிறுக்கும் இக்கேள்வியை நாம் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு குழந்தையைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு மாளிகை எழுப்ப வேண்டியதில்லை. மங்கலான அறையில் கண்ணோக்கியின் ஒளியை இரு கண்மணிகளிலும் சில விநாடி செலுத்தினால் போதும். நலமான கண் செம்மையாக ஒளிரும், பழுதுற்றது வெளிறித் தோன்றும். அதே பார்வை பிறவிக் கண்புரையையும் பிடித்துக்கொடுக்கும். குழந்தையை அவ்வளவு அருகில் பார்ப்பவர் அதன் இளைப்பையும் வெளுப்பையும் காணாமலா இருப்பார்? அபூர்வ நோய்க்காரக் குழந்தையைத் தவறவிடாத ஏற்பாடு, எல்லாக் குழந்தைகளையும் பார்க்கும் ஏற்பாடாகவே இருக்க முடியும்.

ஆகவே நாம் கேட்பது கருணையன்று. தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவிச்சிக்கு இப்பயிற்சியும் கருவியும் வேண்டும். பிள்ளைக்காம்பராவின் ஆயாவுக்கு, வெண்மணி மினுங்கினாலோ கண் மாறினாலோ காத்திருக்கலாகாது என்ற ஒரு செய்தி தமிழில் தெரிந்திருக்க வேண்டும். வைத்தியசாலையில் தமிழில் விளக்கும் ஒருவர் வேண்டும். கொழும்புக்குப் போகும் நாளுக்குப் பேர் விழ வேண்டும். ஒரு குழந்தைக்கு நோய் கண்டால் அதன் உடன்பிறந்தோர் கண்களும் பரிசோதிக்கப்பட வேண்டும். நோய் பரம்பரையாக வரும் வகை உண்டென்பதை நட்சனின் கணக்கு நமக்குச் சொல்லிவிட்டதன்றோ?

இவை விஞ்ஞானத்துக்குப் புறம்பானவை என்று ஆராய்ச்சியாளர் ஒதுக்கிவிடக் கூடாது. மரபணுவில் விழும் இரண்டு அடிகளை ஆராய்ந்தாயிற்று. தூரம், கூலி, மொழி என்று தாயின்மீது விழும் மூன்று அடிகளை ஆராய்வதும் கண்ணோய் ஆராய்ச்சியே. குழந்தை ஏன் நோயுற்றது என்ற கேள்விக்கு விடை கண்டவர்கள், அது ஏன் தாமதித்து வந்தது என்ற கேள்விக்கும் விடை கண்டாக வேண்டும்.

கண்ணப்பன் கண்ணைக் கொடுத்தது பின்னால் நடந்த கதை. அதற்கு முன்னே, எதிரிலிருந்த கண்ணில் இரத்தம் வடிவதை அவன் கண்டான். காணாதிருந்தால் கொடை ஏது? நாம் அவனுடைய கொடையைக் கற்றுக்கொண்டோம். அவனுடைய பார்வையை இன்னும் கற்கவில்லை. அதைக் கற்கும் பள்ளி வெகுதூரத்தில் இல்லை. மலைச்சரிவில், கடைசி லயத்தில், மங்கிய விளக்கின் கீழே ஒரு குழந்தை நம்மை நோக்கிக்கொண்டிருக்கிறது.