காரணம் கேட்கும் சட்டம்

இந்தியாவில் 1971 முதல் கருக்கலைப்பு சட்டப்படி செல்லும் என்று கல்லூரிகளில் சொல்லித்தருகிறார்கள். பாதிதான் உண்மை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், 312ஆம் பிரிவில், தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் குற்றவாளியாக்கியது. 1971 சட்டம் அந்தப் பிரிவை நீக்கவில்லை. குறிப்பிட்ட காரணங்களுக்காகக் கருவைக் கலைக்கும் பதிவுபெற்ற மருத்துவருக்கு விலக்கு அளித்தது, அவ்வளவே. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 88ஆம் பிரிவு. எண்தான் மாறியிருக்கிறது.

ஆகவே 'எனக்கு இப்போது பிள்ளை வேண்டாம்' என்று ஒருத்தி சொன்னால் போதாது. உயிருக்கு ஆபத்து, உடலுக்கோ மனத்துக்கோ கடும் பாதிப்பு, வன்புணர்வு, கருத்தடை பலிக்காமல் போனது, சிசுவுக்குக் குறைபாடு: இவற்றில் ஒன்றுக்குள் தன் வாழ்க்கையை அவள் பொருத்திக் காட்ட வேண்டும். மருத்துவர் அதை ஏற்க வேண்டும். 18 வயது நிறைந்தவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனாலும் 'வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா' என்ற குரல் ஓயவில்லை.

காரணமே கேட்கக் கூடாது என்றால், பெண் குழந்தை என்று தெரிந்து கலைப்பவளையும் கேட்காமல் விடுவதா? கருத்தரங்குகளில் இந்தக் கேள்வி எழுந்ததும் நம்மில் பலர் தடுமாறுகிறோம். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்த மாநிலத்தில் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1994ஆம் ஆண்டின் சட்டம் ஸ்கேன் அறைக்குப் போகிறது. கருவின் பாலினத்தைச் சொல்பவரைத் தண்டிக்கிறது. எதிராக நிரூபிக்கப்படாதவரை, கணவரோ உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தியதாகவே நீதிமன்றம் கருத வேண்டும் என்கிறது. எனக்கு அது சரியான திசை. (அச்சட்டத்துக்குப் பயந்து, காரணம் எதுவானாலும் நாலு மாதம் தாண்டிய கருவைத் தொடாத மருத்துவர்கள் இருப்பது வேறு கதை.) தானே விரும்பிக் கலைத்தவளும் இருப்பாள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் அந்த வீட்டில் தன் நிலை என்ன என்று கணக்குப் போட்டுத்தான் விரும்பியிருப்பாள். அவளை நிறுத்தி விசாரிப்பதால் அந்தக் கணக்கு மாறாது. சொத்திலும் சீரிலும்தான் அது மாற வேண்டும். அவள் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததாலேயே அவளைத் தடுக்கும் அதிகாரம் எனக்கு வந்துவிடாது.

கருவும் உயிர்தானே என்பார்கள். உயிர்தான். வெறும் சதை என்று சொல்லி வாதத்தில் ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. ஆசையோடு சுமந்து இழந்த பெண்களிடம் அப்படிச் சொல்ல வாய் வராது. ஆனால் அந்த உயிர் ஒருத்தியின் உடலுக்குள் இருக்கிறது. அதற்காக வழக்காட வருகிறவர் அவளுடைய உடலையும் சேர்த்தே கேட்கிறார்.

2023இல் உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர் வந்தார். பால் கொடுக்கும் காலம், மாதவிடாய் வரவில்லை. கர்ப்பம் தெரிந்தபோது ஆறு மாதம் நெருங்கிவிட்டது. பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்டோபர் 9 அன்று அனுமதி கிடைத்தது. கருவுக்குத் துடிப்பு இருக்கிறது, என்ன செய்வது என்று மருத்துவர் ஒருவர் எழுதிக் கேட்க, அதே இரு நீதிபதிகளும் வேறுபட்டார்கள். இருவருமே பெண்கள். ஒருவர், அவளுடைய முடிவை மதிக்க வேண்டும் என்றார். வழக்கு மூவர் அமர்வுக்குப் போய், அக்டோபர் 16 அன்று அனுமதி மறுக்கப்பட்டது. பிரசவச் செலவை அரசு ஏற்கும், பெற்றோர் விரும்பினால் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்றது தீர்ப்பு. மீதி மூன்று மாதத்தை அவர்தான் சுமக்க வேண்டியிருந்தது.