மூலமும் மாற்றமும்

ஒரு பொருள் எதிலிருந்து தோன்றிற்று என்பதும், அது இப்போது எதுவாக இருக்கின்றது என்பதும் வெவ்வேறு வினாக்களாம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில், கப்சூல் மருந்தின் உறை எவ்விலங்கின் ஜெலற்றினால் ஆனது என்னும் ஐயம் எழுங்கால், இவ்வேறுபாடு அன்றாட வாழ்வின் சிக்கலாகிவிடுகின்றது.

விலங்கின் தோலிலும் எலும்பிலுமுள்ள கொலாஜன் என்னும் புரதத்தை அமிலத்தாலோ காரத்தாலோ பதப்படுத்தி, வெந்நீரிற் பிரித்தெடுப்பதே ஜெலற்றின். நிறத்தாலும் மணத்தாலும் அதன் மூலத்தை அறிதல் இயலாது. செய்முறையில் டி.என்.ஏ. பெரிதும் சிதைவதால், அவ்வழிச் சோதனையும் பலவேளை பயன்தருவதில்லை. ஆயின், புரதத்தின் அமினோ அமில வரிசை துண்டுகளாகவேனும் எஞ்சுகின்றது. திரிப்சின் என்னும் நொதியம் அதனைக் குறித்த இடங்களில் வெட்ட, திணிவு நிறமாலைமானி அத்துண்டுகளுக்கு மின்னேற்றமூட்டித் திணிவை அளக்கின்றது. மேலும் உடைத்து வரிசையையும் புலப்படுத்துகின்றது. மாட்டின் கொலாஜனும் பன்றியின் கொலாஜனும் பெரிதும் ஒத்தவையெனினும் சில இடங்களில் வேறுபடுகின்றன. அவ்விடங்களே சாட்சி பகர்கின்றன. பெருமூலக்கூறுகளைச் சிதைக்காமல் ஏற்றமூட்டும் முறைகளைக் கண்ட ஜோன் ஃபென், கொய்ச்சி தனாக்கா ஆகியோர் 2002ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர்.

கருவி ‘பன்றி’ எனச் சான்று கூறின் வினா முடிந்துவிடுமா? புளித்த தென்னங்கள் விலக்கப்பட்டது. அதுவே தானாக வினாகிரியானபின் ஆகுமானது என்பது இஸ்லாமியச் சட்ட மரபு. இத்தகைய உருமாற்றத்தை ‘இஸ்திஹாலா’ என்பர். ஜெலற்றினும் அவ்வாறு மாறிய பொருளா என்பதில் அறிஞர் ஒருமுகப்பட்டிலர். சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாதமி 1986இல் பன்றி ஜெலற்றினை உணவிற் சேர்த்தல் ஆகாதென்றது. 1995இல் குவைத்திற் கூடிய மருத்துவச் சட்ட ஆய்வரங்கோ, உருமாறிய ஜெலற்றின் தூயதென்றது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் தழுவும் ஷாபிஈ மரபு உருமாற்றத்தை மிகக் குறுகிய எல்லைக்குள்ளேயே ஏற்கின்றது.

வரிசை எஞ்சியிருத்தலே பொருள் மாறாமைக்குச் சான்று என ஒருவர் வாதிடலாம். அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. வினாகிரியில் கள்ளின் மதுசாரம் அசற்றிக் அமிலமாகின்றது. ஜெலற்றினிலோ புரதத்தின் கட்டு அவிழ்கின்றதேயன்றி வரிசை முற்றாக அழிவதில்லை. எனினும், எத்துணை மாற்றம் ஒன்றை ‘வேறு பொருள்’ ஆக்கும் என்பதை அளவுகோல் கூறாது. எதனைப் பொருளின் சாரமாகக் கொள்வது என்று மனிதரே முன்னர்த் துணிதல் வேண்டும். மாற்று மருந்தற்ற நோயாளிக்கு நிர்ப்பந்தம் அளிக்கும் சலுகையையும் எந்த நிறமாலையும் காட்டாது.

அவ்வாறாயின் கருவியால் விளையும் அறப்பயன் யாது? மூலத்தை மறைத்து விற்பவனின் பொய்யை அது வெளிப்படுத்தும். மூலம் மறைக்கப்படும்போது, கடும் நெறியைக் கைக்கொள்பவனும் சலுகையை ஏற்பவனும் ஒருங்கே ஏமாற்றப்படுகின்றனர். தத்தம் மனச்சாட்சியின்படி துணியும் உரிமையை இருவரும் இழக்கின்றனர். உண்மையை அறிந்தபின் எடுக்கும் முடிவு இருவர்க்கும் வேறாகலாம். அம்முடிவு அவரவருடையதாக இருத்தற்கேனும் உண்மை அறியப்படுதல் வேண்டும்.