புரியாமல் வைத்த கைநாட்டு

காசநோய்ப் பரிசோதனைக்குச் சளி பிடிக்கக் கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவோடு நாலு வாக்கியமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வேண்டும். மூச்சை நன்றாக இழுத்து, நெஞ்சுக்கு அடியிலிருந்து இருமி, வருகிற சளியைத் துப்ப வேண்டும். எச்சில் கூடாது. மூடியை இறுக்கித் தர வேண்டும். இதைச் சொல்லாமல் டப்பாவை மட்டும் கையில் திணித்தால் பலரும் எச்சிலைத்தான் துப்பிக் கொடுப்பார்கள். எச்சிலில் கிருமி அகப்படாமல் போகலாம். ஆய்வகச் சீட்டில் நோய் இல்லை என்று வந்துவிடலாம். அந்த ஆள் அதே இருமலோடு, வரிசையாகப் பத்துப் பேர் படுக்கும் தகரக் கொட்டகைக்குத் திரும்பிப் போவார். பரிசோதனை இலவசம், மருந்து இலவசம், மருத்துவர் அக்கறையுள்ளவர். குறை, அந்த நாலு வாக்கியத்தை ஒடியாவிலோ சந்தாலியிலோ சொல்ல அங்கே ஆள் இல்லை என்பது மட்டும்தான்.

நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் பேச்சு தேவைப்படுகிறது. ரிஃபாம்பிசின் கலந்த மாத்திரையை விழுங்கினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அதனால் தீங்கு ஒன்றுமில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். சொல்லாவிட்டால், ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். வழக்கமாக ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்தை நடுவில் விட்டுவிட்டுச் சாப்பிட்டால், அந்த மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வர வழி திறக்கிறது. அது வந்த ஆளோடு நிற்பதில்லை. பக்கத்தில் படுப்பவருக்கும் பரவும்.

திருப்பூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர், சென்னை என்று வேலை கிடைக்கிற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநிலத்துத் தொழிலாளர்கள் ஓ.பி. சீட்டோடு வரிசையில் நிற்பது இன்று அன்றாடக் காட்சி. அவர்களுக்குப் புரியும் மொழியில் பேச வேண்டிய கடமை யாருடையது? பிழைக்க வந்தவர்கள் தமிழ் கற்றுக்கொண்டு வர வேண்டுமா, மருத்துவமனை ஆள் வைக்க வேண்டுமா?

வந்த இடத்து மொழியைக் கற்கட்டுமே என்பது நியாயமில்லாத பேச்சல்ல. கேரள எழுத்தறிவு இயக்கம் 2017-இல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைத் தொடங்கி, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்றுக்கொடுக்கத் தனிப் பாடநூலே போட்டது. தமிழ்நாட்டிலும் அப்படி ஒன்று பரவலாக நடந்தால் நல்லதுதான். ஆனால் மொழி வர வருஷக்கணக்காகும். குடல்வால் அழற்சி அதுவரை பொறுத்துக்கொண்டிருக்காது. பன்னிரண்டு மணி நேரம் வேலை, மிச்ச நேரம் தன் ஊர்க்காரர்களோடு ஒரே கொட்டகையில் வாசம். இதில் எங்கே தமிழ் படிப்பது? தவிர, கடையில் பேரம் பேசும் அளவுக்கு வந்த மொழி வலியைச் சொல்லக் காணாது. டொரன்டோவிலும் சிட்னியிலும் இருபது வருஷம் வாழ்ந்த நம் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். கடைத்தெருவில் ஆங்கிலத்தில் சமாளிப்பார்கள், மருத்துவர் முன்னால் உட்கார்ந்தால் தமிழ்தான் வரும். ஆஸ்திரேலிய அரசு 1973-லேயே தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கிவிட்டது. இன்று அங்கே தமிழுக்கும் ஆள் கிடைக்கிறார். அது நியாயமான ஏற்பாடு என்றே நாம் நினைக்கிறோம். அதே நியாயத்தை ஈரோட்டு ஜி.எச்.சில் நிற்கும் ஒடிசாக்காரர் கேட்டால் மறுக்க என்ன காரணம் இருக்கிறது?

காரணம் இருக்கிறது என்பார்கள்: இந்தி. 1938-இலும் 1965-இலும் இந்தி எதிர்ப்புப் போராட்டங்களைக் கண்ட மண்ணில், அரசு அலுவலகத்துக்குள் இந்தி நுழையட்டும் என்றால் புருவம் உயரத்தான் செய்யும். உயர வேண்டியதும்தான். ஆனால் அந்தப் போராட்டங்கள் எதை எதிர்த்தன? அதிகாரத்தில் இருப்பவன் தன் மொழியை அதிகாரமில்லாதவன் தலையில் கட்டுவதை. இங்கே அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தாலே போதும்: வெள்ளைக் கோட்டு போட்டவரிடம் இருக்கிறது, ஸ்ட்ரெச்சரில் கிடப்பவரிடம் இல்லை. இன்னொன்று, இந்த இடத்தில் இந்தி சரியான விடையும் அல்ல. நாம் 'இந்திக்காரன்' என்று ஒரே சொல்லில் கட்டிப்போடுகிற கூட்டத்தில் ஒடியா பேசுபவர் இருக்கிறார், வங்காளி இருக்கிறார், மைதிலியும் போஜ்புரியும் பேசுபவர்கள் இருக்கிறார்கள். சந்தாலி, இந்தியோடு எந்த உறவும் இல்லாத வேறு மொழிக் குடும்பம். சந்தாலியும் மைதிலியும் 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலேயே ஏறிவிட்டன. அவர்கள் அத்தனை பேருக்கும் இந்தி போதும் என்று நாமே முடிவு செய்தால் டெல்லி செய்ய நினைக்கிற வேலையை நாம் இலவசமாகச் செய்துகொடுக்கிறோம். அவரவர் மொழியில் மருத்துவம் என்பதுதான் மொழிப்போர் கண்ட நாடு எடுக்கத்தக்க நிலை.

இப்போது நடப்பது என்ன? பெரும்பாலும் மேஸ்திரிதான் மொழிபெயர்ப்பாளர். மருத்துவர், வலி எப்போது தொடங்கியது, சாப்பிட்டதும் கூடுகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்கிறார். மேஸ்திரி பக்கத்தில் நிற்கிறவர் பக்கம் திரும்பக்கூட மாட்டார். "வயித்து வலிதான் சார், ஒரு ஊசி போட்டு விடுங்க, நாளைக்கு சென்ட்ரிங் வேலை இருக்கு." அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. நோயாளி சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது அவருடைய கவலை. அது நோயாளியின் கவலையோடு பாதிதான் ஒத்துப்போகும். காசநோய் என்று தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார் என்ற பயத்தில், அவர் வாயால் எதையும் சொல்லத் தொழிலாளியும் தயங்குவார். வெள்ளைப்படுதலைக் கொழுந்தன் மூலம் சொல்ல எந்தப் பெண்ணுக்கு நா எழும்? மாநகராட்சிப் பள்ளியில் படித்துத் தமிழ் கற்ற பத்து வயதுப் பிள்ளையை அழைத்து வந்து, அம்மாவின் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளையின் வாயாலேயே சொல்ல வைப்பது வசதியான வழிதான். ஆனால் அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவின் கீழ் 2016-இல் வந்த விதிகள், உடனடி ஆபத்துள்ள அவசரம் தவிர வேறு எப்போதும் சிறுவர்களை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்றன. பிழையாகச் சொல்லிவிடும் என்பதற்காக மட்டுமல்ல. சரியாகச் சொன்னாலும் அது குழந்தை சுமக்கக் கூடாத சுமை.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் ஊமையாக இல்லை. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், நோயாளிக்குப் போதிய விவரம் தெரிந்து தரும் சம்மதமே சம்மதம் என்றது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சம்மதத்துக்கு இலக்கணம் சொல்லும்போதே, அந்த ஆளுக்குப் புரியும் மொழியிலும் முறையிலும் விளக்கியிருக்க வேண்டும் என்று சேர்த்தே எழுதியது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனமும் அதையே சொல்கிறது. புது மருந்தைச் சோதித்துப் பார்க்க ஆள் சேர்க்கும்போது அவருக்குப் புரியும் மொழியில் படிவம் இருந்தாக வேண்டும். அதே ஆள் பித்தப்பையை எடுக்க வரும்போது, நெருக்கியடித்து ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் கைநாட்டு வைத்தால் போதும் என்ற நடைமுறை இருக்கிறது. இந்த ஆங்கிலத் தாள் தமிழ் மட்டும் தெரிந்த உள்ளூர்க்காரருக்கும் அவ்வளவாகப் புரிவதில்லை. ஆக, பிரச்சினை வெளிமாநிலத்தாருடையது மட்டும் என்று தள்ளிவைக்கவும் முடியாது.

மொழி கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? பிகாரின் அரரியா மாவட்டத்தில், 2012 ஜனவரியில், ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் 53 பெண்களுக்கு இரண்டே மணி நேரத்தில் கருத்தடை அறுவை செய்தார்கள். அதிலிருந்து எழுந்த தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016-இல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், அறுவைக்கு வருபவருக்குப் புரியும் மொழியில் விளைவுகளை விளக்க வேண்டும் என்று ஆணையிட்டது. கவனிக்க வேண்டியது, அந்த முகாம் அந்தப் பெண்களின் சொந்த மண்ணில் நடந்தது. அங்கே மொழிபெயர்க்க ஆள் தேடி அலைய வேண்டிய நிலை இல்லை. ஆனாலும், இவர்களுக்கு விளக்கம் எதற்கு என்ற நினைப்பு இருந்தால் தாய்மொழியிலும் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாம். மருத்துவக் கல்லூரிகள் பண்பாட்டுப் பயிற்சி என்று எதைச் செய்தாலும் கை வைக்க வேண்டிய இடம் அந்த நினைப்புதான்.

பயிற்சியிலும் ஒரு வழுக்குப் பாதை உண்டு. இந்த ஊர்க்காரர் இப்படி, அந்தச் சாதிக்காரர் அப்படி, இந்த மதத்தார் இதைச் சாப்பிட மாட்டார் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தால், அரைநாள் வகுப்பில் அரைகுறை ஜோசியர்களைத்தான் உருவாக்குவோம். 'வடக்கத்தி ஆளுங்க வலி தாங்குவாங்க' என்ற வார்டுப் பேச்சு ஏற்கெனவே காற்றில் இருக்கிறது. வலி மருந்து தாமதமாக அதுவே போதும். அமெரிக்க மருத்துவர் ஆர்தர் க்ளைன்மன் 1970-களில் வேறு வழி காட்டினார். நோய் எதனால் வந்ததென்று நோயாளி நினைக்கிறார், அதில் அவர் எதற்கு அதிகம் பயப்படுகிறார் என்று அவரையே கேட்கச் சொன்னார். நூறு பேர் காத்திருக்கும் ஓ.பி.யில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று இளம் மருத்துவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பில் நியாயம் உண்டு. எல்லோரிடமும் கேட்க முடியாதுதான். ஆனால் மூன்றாம் முறையாக மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தவரிடம் கேட்காமல் மறுபடியும் அதே சீட்டை எழுதுவது இன்னும் பெரிய நேர விரயம்.

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் பிரசவ வேதனையில் கிடந்த தங்கள் மனைவியருக்கு உதவி கேட்டு வந்து, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று திரும்பிப் போக, மூன்று பெண்களும் இறந்துபோன கதை தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். அன்று மருத்துவம் படிக்காத இளம்பெண்ணாக அங்கே இருந்த ஐடா ஸ்கடர், அந்தக் கணவர்களின் பிற்போக்கைக் கண்டித்துக் கட்டுரை எழுதியிருக்கலாம். ஆனால் அவர் படித்து மருத்துவராகி, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி திறந்தார். அந்தக் கணவர்கள் செய்தது சரி என்று இதற்குப் பொருள் அல்ல. ஆண்கள் திருந்தும் வரை பெண்கள் செத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று அவர் கண்டார். மருத்துவத்தின் பக்கம் மாற்ற முடிந்ததை மாற்றினார்.

அதே வேலூரில் இன்று இன்னொரு பாடம் கிடைக்கிறது. வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிகிச்சைக்கென்று ரயிலேறி வருகிறவர்களுக்காக அந்த ஊர் தானாகவே வங்காளியும் இந்தியும் கற்றுக்கொண்டது. லாட்ஜுப் பலகையிலும் சாப்பாட்டுக் கடையிலும் வங்காளி எழுத்து, மருந்துக் கடையில் வங்காளி பேசும் பையன். யாரும் ஆணை போடவில்லை, யாரும் தமிழுக்கு ஆபத்து என்று கொடி பிடிக்கவும் இல்லை. காசு கொண்டு வருகிறவனுக்கு மொழி தடையாக இருக்க விடமாட்டோம். கூலிக்கு வருகிறவனுக்கு மட்டும் அது அவன் பாடு. மொழி விஷயத்தில் நாம் கொள்கையோடு இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்வதை இந்த ஒரு ஊரே சங்கடப்படுத்துகிறது.

செலவு? உள்ளூர் ஏழைக்கே கட்டில் போதாதபோது ஒடியா தெரிந்தவருக்குச் சம்பளமா என்ற கேள்வியை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதத்தைத் தொழிலாளர் நலத்துக்கென்று வசூலிக்க 1996-லேயே சட்டம் வந்துவிட்டது. சாரத்தில் நின்றவர் வேலையிலிருந்து எடுத்த பணம் அது. சாரத்திலிருந்து விழுந்தவரிடம் எங்கே வலிக்கிறது என்று அவர் மொழியில் கேட்க அதில் கொஞ்சம் செலவிட்டால் உள்ளூர்க்காரர் பங்கு குறையாது. இப்போது அந்தச் செலவை வேறு யாரோ கூலியில்லாமல் சுமக்கிறார்கள். அகில இந்திய ஒதுக்கீட்டில் வந்த வடமாநிலப் பட்டமேற்படிப்பு மருத்துவரைத் தன் வார்டு வேலையை விட்டுவிட்டு வா என்று மூன்று வார்டுகளிலிருந்து கூப்பிடுகிறார்கள். அவர் இல்லாவிட்டால் வாசல் காவலாளியை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தமிழ்ப் பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள். அதுபோலத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்தே ஒடியாவும் வங்காளியும் பேசும் பெண்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு சம்பளத்துக்கு வைக்கலாம். மிச்ச நேரத்துக்குத் தொலைபேசி இருக்கிறது.

இத்தனை ஏற்பாடு செய்தாலும் சந்தாலிக்கு ஆள் கிடைக்காத ராத்திரி வரும். பிரசவத்தில் ரத்தம் கொட்டிக்கொண்டு வரும் பெண்ணிடம் மொழி தேடிக்கொண்டிருக்க முடியாது. சைகையாலும் அரைகுறை வார்த்தையாலும் சமாளித்து உயிரைக் காப்பாற்றும் மருத்துவரை யாரும் குறை சொல்லப் போவதில்லை. சிக்கல் மறுநாள் காலையில் வரும். அதே பெண்ணுக்கு இது மூன்றாவது பிரசவம். கணவர் தலையாட்டுகிறார், கூட வந்த ஏஜென்ட் "அப்படியே ஆப்பரேஷனையும் பண்ணிவிடுங்க" என்கிறார், அந்தப் பெண் எல்லோரையும் மாறி மாறிப் பார்க்கிறார். கட்டில் தேவை, வருஷத்துக் கருத்தடைக் கணக்கும் தேவை, நாளை மறுநாள் அவர்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். அவர் மொழி தெரிந்த ஒரு பெண்ணைப் போனில் பிடிக்கும் வரை அந்த அறுவையைத் தொடக் கூடாது. பிடிக்க முடியாமலே போனால், செய்யாமல் அனுப்ப வேண்டும். அதனால் அவர் வேண்டாத நாலாவது கர்ப்பத்தோடு திரும்பி வரவும் கூடும், அது சின்ன விலையல்ல. அந்த விலையையும் அறுவையின் விலையையும் எடை போட வேண்டியவர் அவர். அவரிடம் அதை இன்னும் யாரும் கேட்கவில்லை.