இருமலை எடுத்துவிடலாமா?

என் பெரியப்பாவின் குரல் கணினியில் 47 நிமிடம் இருக்கிறது. எருமப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலில் அவர் உடுக்கடித்து அண்ணமார் கதை பாடிய இரவில் செல்போனில் நான் பதிவு செய்தது. அண்ணன்மார் இறந்துகிடக்க, தங்காள் அழும் இடம். குரல் மேலே ஏறும்போது, 31ஆவது நிமிடத்தில் ஓர் இருமல் வந்து பாட்டை அறுத்துவிடுகிறது. கூட்டத்தில் ஒரு பாட்டி “தண்ணி குடுங்க சாமி” என்கிறார். கூடப் பாடுகிறவர் உடுக்கையை நிறுத்தாமல் தாளத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். பிறகு பெரியப்பா விட்ட இடத்திலிருந்து மறுபடி ஏறுகிறார்.

அவர் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நினைவு நாளன்று அதைப் போட வேண்டும் என்றார் பெரியப்பாவின் மகன். “அந்த இருமலை மட்டும் எடுத்துப்போடு தம்பி.” பத்து நிமிட வேலைதான். ஒரு வாரமாக நான் தொடவில்லை.

காரணம், எனக்கு லைவ் ஆல்பங்கள்மேல் இருக்கும் பைத்தியம். கல்லூரி நாட்களில் நானும் நண்பர்களும் விடிய விடியச் சண்டை போட்டது அரசியலுக்காக அல்ல, எது சிறந்த லைவ் ஆல்பம் என்பதற்காக. என் ஓட்டு ‘தி ஹூ’ குழுவின் ‘லைவ் அட் லீட்ஸ்’ ஆல்பத்துக்கு. 1970 பிப்ரவரி 14 அன்று ஒரு பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் பதிவானது. பதிவில் கரகரப்புச் சத்தங்கள் இருந்தன. ‘அது அப்படியே இருக்கட்டும், திருத்த வேண்டாம்’ என்று இசைத்தட்டின் லேபிளிலேயே குறிப்பு போட்டார்கள். குறையை மறைக்காத அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

எதிர்ப்பக்கம், ‘கிஸ்’ குழுவின் ‘அலைவ்!’. 1975இல் வந்தது. மேடையில் பிசகிய இடங்களை ஸ்டூடியோவில் மறுபடி வாசித்தும் பாடியும் சேர்த்ததைப் பின்னால் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். தெரிந்த நாளில் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தேன். ‘லைவ்’ என்ற சொல் ஒரு வாக்குறுதி. இப்படித்தான் நடந்தது என்று கேட்கிறவனுக்குக் கொடுக்கும் வாக்கு. ‘தின் லிசி’யின் ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ (1978) இன்னும் சிக்கல். பெரும்பகுதி ஸ்டூடியோவில் திருத்தப்பட்டது என்றார் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. குழுவின் தரப்பு அதை மறுத்தது.

சுத்தமானது என்று நாங்கள் கொண்டாடிய ‘டீப் பர்ப்பிள்’ குழுவின் ‘மேட் இன் ஜப்பான்’ மட்டும் என்ன? 1972 ஆகஸ்டில் ஒசாகாவில் இரண்டு இரவு, டோக்கியோவில் ஓர் இரவு. மூன்றிலிருந்தும் நல்லதைப் பொறுக்கி எடுத்ததுதான் அந்த ஆல்பம். அப்படியொரு ஒற்றை இரவு நடக்கவே இல்லை. பொறுக்குவதும் ஒரு திருத்தம்தானே?

அண்ணமார் கதையிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. 1965இல் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் மானுடவியலாளர் பிரெண்டா பெக், பல இரவுகள் நீண்ட பாட்டை டேப்பில் பதிவு செய்தார். அதே பாடகர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வடிவமும் கிடைத்தது. இரண்டும் ஒன்றாக இல்லை. எது அசல் என்று கேட்டால் பதில் கிடையாது. கூட்டத்துக்குப் பாடும்போது ஒரு கதை, தாளுக்குச் சொல்லும்போது இன்னொரு கதை. இரண்டையும் சொன்னது ஒரே வாய்.

ஆகவே, கை பட்டதா படவில்லையா என்பது கோடு அல்ல. கை பட்டதைச் சொன்னார்களா மறைத்தார்களா என்பதே கோடு. இப்படி ஒரு தீர்ப்புக்கு வந்து நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். பெரியப்பா விடவில்லை.

அவர் உயிரோடு இருக்கும்போதே இந்தப் பதிவைப் போட்டுக் காட்டியிருந்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் இருமல் வந்ததும் திறந்தார்.

“இதைய எடுத்துரு கண்ணு.”

“அதுதானுங்க பெரியப்பா உசுரு. அது இருக்கறதுனாலதான் நெசமா இருக்குது.”

சிரித்தார். “இருமுறவனுக்குத்தான் தெரியும், அது உசுரா என்னன்னு.”

அந்த இருமல்தான் கடைசியில் அவரைக் கொண்டுபோனது. நான் ‘உயிர்ப்பு’ என்று ரசித்தது அவருக்கு நோவு. குறையை ரசிப்பது ரசிகனுக்குக் கிடைத்த சொகுசு. குறை அவனுடைய உடம்பில் இல்லை. ‘கிஸ்’மேல் எனக்கிருந்த கோபமும் அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது. தன் பிசகைத் தாங்கமுடியாமல் திரும்பப் பாடுகிறவனை வெறும் மோசடிக்காரன் என்று சொல்ல முடியவில்லை. அவன் செய்த தப்பு திருத்தியது அல்ல, அப்போதே சொல்லாமல் விட்டது.

ஆனால் அந்த இரவு பெரியப்பாவுக்கு மட்டும் சொந்தமா? வெட்ட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. இருமலை எடுத்தால் பாட்டியின் “தண்ணி குடுங்க” காரணமில்லாமல் நிற்கிறது. அதையும் எடுக்க வேண்டும். அப்புறம் பாட்டில்லாமல் உடுக்கை மட்டும் ஒலிக்கும் சில நொடிகள். கூடப் பாடுகிறவர் தன் கூட்டாளியைத் தாங்கிப் பிடித்த நொடிகள் அவை. அந்த இரவின் மிக நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். ஓர் இருமலை எடுக்கப்போய் இரண்டு பேருடைய அன்பையும் சேர்த்து எடுக்கிறேன்.

இருந்தும் எடுத்தேன். பாடியவர் கேட்டுக்கொண்டது அது. அவர் குரல் ஊர் முன்னால் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதில் முதல் சொல் அவருடையது. நினைவு நாளன்று போடுவதற்கு முன்னால், “ஓரிடத்தில் இருமினார். அவர் சொன்னபடி எடுத்திருக்கிறேன்” என்று சொன்னேன். அப்படிச் சொல்வதே அவர் ஆசையை மீறுவதாகாதா என்று யோசித்தேன்தான். அவருக்கு இருமல் உண்டென்று ஊருக்கே தெரியும். பாட்டுக்கு நடுவே அது கேட்கக் கூடாது என்பதுதான் அவர் கேட்டது.

எல்லோரும் போன பிறகு பெரியம்மா வந்து உட்கார்ந்தார். “எடுக்காதது இருக்குதா?”

அழிக்கவில்லை. இயர்போனைக் கொடுத்தேன். 31ஆவது நிமிடம் வந்ததும் அவர் கை தானாக, பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பின்மேல் போனது.

அதைக் கொடுத்தது சரிதானா என்று பெரியப்பாவிடம் கேட்க வழியில்லை.