5000-க்கு 1

ஒரு விஷயம் உண்மைதான் என்று துறையில் இருக்கிற கிட்டத்தட்ட எல்லாரும் நம்புகிறார்கள். ஆனால் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அது நமக்குத் ‘தெரியும்’ என்று சொல்லலாமா?

ஈர்ப்பு விசையின் நிலைமை இப்போது இதுதான். மின்காந்த விசை, அணுக்கருவுக்குள் வேலை செய்யும் விசைகள் எல்லாம் குவாண்டம் விதிப்படி நடப்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்தாச்சு. ஈர்ப்பு மட்டும் பாக்கி. “மற்றதெல்லாம் அப்படி, இதுவும் அப்படித்தான்” என்கிறார்கள் பெரும்பாலோர். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஜொனாதன் ஓப்பன்ஹைம் போன்ற சிலருக்குச் சந்தேகம். அவரோடு கார்லோ ரொவெல்லியும் ஜெஃப் பெனிங்டனும் 5000-க்கு 1 என்று பந்தயமே கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு நிச்சயம்!

ஒரு பொருளை ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் இருக்கும் குவாண்டம் நிலையில் வைத்தால், அதன் ஈர்ப்பு என்ன செய்யும்? 1957-இல் ஃபைன்மன் கேட்ட கேள்வி இது. 2017-இல் இரண்டு குழுக்கள் இதற்குச் சோதனை வடிவம் கொடுத்தன. ஒரு குழு சொன்ன வழி: மிகச் சிறிய இரண்டு வைரத் துகள்கள், ஒவ்வொன்றும் இப்படி ‘இரண்டு இடத்தில்’. நடுவில் ஈர்ப்பைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது. சில விநாடிகள் கழித்து இரண்டும் குவாண்டம் முறையில் பிணைந்திருந்தால், இடையில் தூது போன ஈர்ப்பும் சாதாரண விசையாக இருக்க முடியாது.

கேட்க எளிது, செய்வது பயங்கரக் கஷ்டம். அந்த வைரம் ஒவ்வொன்றிலும் சுமார் 500 பில்லியன் அணுக்கள். 2019-இல் வியன்னாவில் இந்த நிலைக்குக் கொண்டுவந்த மூலக்கூறில் சுமார் 2,000 அணுக்கள்தான். ஈர்ப்பை அளக்கும் பக்கமும் லேசில்லை. அதே வியன்னாவில் 2021-இல் சுமார் 90 மில்லிகிராம் தங்கக் குண்டின் ஈர்ப்பை அளந்தார்கள், அதுவே பெரிய சாதனை. வைரமோ அதைவிடப் பல பில்லியன் மடங்கு லேசானது.

பொறியியல் மாணவனான எனக்குத் தூக்கம் கெடுவது வேறொரு இடத்தில். ஒவ்வொரு வைரத்திலும் ஒரே ஒரு எலக்ட்ரான் கூடுதலாக ஒட்டியிருந்தால் போதும், அவற்றுக்கு இடையிலான மின்விசை ஈர்ப்பைவிட 30 பில்லியன் மடங்குக்கு மேல் போய்விடும். மின்விசையும் துகள்களைப் பிணைக்கக்கூடியதுதான். அதாவது, ஈர்ப்பு செய்யாத வேலைக்கு ஈர்ப்புக்குப் பேர் கிடைத்துவிடலாம்.

லேபில் நாம் பார்ப்பதுதானே? விடை புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஒயரிங்கை நாலு தடவை சரிபார்ப்போம். ஒத்துப்போனால்? ரிப்போர்ட் எழுதிவிட்டுக் கேன்டீனுக்குக் கிளம்பிவிடுவோம். 5000-க்கு 1 என்று நம்புகிற உலகத்தில் “ஆமாம்” என்று ஒரு முடிவு வந்தால் அதை யார் குடைந்து பார்ப்பார்கள்?

அதனால்தான் ‘தெரியும்’ என்ற சொல்லை இப்போதைக்கு நான் பயன்படுத்தமாட்டேன். ‘வலுவான காரணத்தோடு நம்புகிறோம்’, அவ்வளவுதான். சோதனை வெற்றி பெற்றாலும் அது ஈர்ப்பைப் பற்றி எவ்வளவு தூரம் நிரூபிக்கும் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. ஓப்பன்ஹைம் பந்தயத்தில் தோற்கலாம். தோற்பார் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த எலக்ட்ரானைத் தேடிப் போகப் போவது அவரும் அவரைப் போன்றவர்களும்தான்.