மேசைமேல் மலைநாடு: சிறிதாக்குதலின் அறம்

பெரியதைச் சிறிதாக்கிக் காண விழைவது மனித இயல்பு. மணலைக் குவித்து வீடு என்கிறது குழந்தை. மரத்துண்டை உருட்டித் தேர் என்கிறது. இவ்வியல்பைத் தமிழ் இலக்கிய மரபு நன்கு அறிந்திருந்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவே. அவற்றுள்ளும் சிற்றிற் பருவம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. சிறுமியர் மணலில் வீடு கட்டுகின்றனர். ஆண்குழந்தை காலால் அதனை அழிக்க வருகின்றான். அழிக்க வேண்டாமென அவர்கள் இரந்து நிற்கின்றனர். விளையாட்டு வீடுதான், எனினும் கட்டியவளுக்கு அது வீடே. சிறிதாக்கப்பட்ட பொருளுக்கும் அறம் உண்டோ என்னும் வினா அந்த மணல் வீட்டின்முன் தோன்றிவிடுகிறது.

இவ்வினாவை இன்று வேறொரு துறையிலும் எழுப்பலாம். மேலை நாடுகளிற் பரவலாகவும் பிற இடங்களில் ஆங்காங்கும் பயிலப்படும் மேசைப்போர் என்னும் பொழுதுபோக்கு அது. ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் உயரமுள்ள போர்வீரப் பொம்மைகளை ஒரு மேசைமீது அணிவகுத்து, அளவுகோலாலும் தாயக்கட்டையாலும் நகர்வையும் தாக்குதலையும் முடிவு செய்வர். ஆட்டத்திற் செலவாகும் நேரத்தைவிட ஆக்கத்திற் செலவாகும் நேரமே பெரிது. ரெஜிபோம் பலகைகளைச் சமவுயரக் கோடுகளின்படி அறுத்து அடுக்கி மலை செய்வர். அதன்மேற் சாந்து பூசி, பசை தடவி, மணல் தூவுவர். சாயமிட்ட மரத்தூள் புல்லாகும். ஏறக்குறைய உலர்ந்த தூரிகையை மேடுகளின்மீது மட்டும் இலேசாக இழுத்தால், பாறையின் விளிம்புகள் வெயில் பட்டாற்போல் வெளிறித் தோன்றும். விற்பனைக்கு வரும் பொம்மையை அப்படியே ஏற்காது, ஒன்றன் தலையை மற்றொன்றன் உடலிற் பொருத்தியும், பிசைந்த பசையால் ஆடை அமைத்தும் தனித்தன்மை தருவாரும் உளர். பொறுமையும் கைத்திறனும் வேண்டும் கலை இது என்பதில் ஐயமில்லை.

இக்கலையின் அறம் பற்றி இரு தீர்ப்புகள் எளிதிற் கிடைக்கின்றன. போரை விளையாட்டாக்குவது போரை விரும்பக் கற்பிப்பது. ஆகவே தீது என்பது ஒன்று. இது வெறும் பொம்மை. இதற்கும் உண்மைப் போருக்கும் தொடர்பில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே ஆராய்ச்சிக்கு நிற்பனவல்ல.

முதலாவதற்குச் சதுரங்கமே மறுப்பாகும். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைப் பெயரிலேயே தாங்கி இந்திய மண்ணிற் பிறந்த அவ்வாட்டம் நூற்றாண்டுகளாக ஆடப்பட்டு வருகிறது. அதனை ஆடியவரெல்லாம் கொலைத்தொழிலை நாடவில்லை. இரண்டாவதற்கு மறுப்பு பிரஷ்யாவின் வரலாற்றிலே கிடைக்கிறது. அந்நாட்டு அலுவலரான ரைஸ்விற்ஸ் என்பவர் 1812 இல் தம் அரசனுக்கு ஒரு போர்மேசையை அளித்தார். ஆறும் சாலையும் ஊரும் அமைந்த துண்டுகளை வேண்டியவாறு மாற்றியடுக்கி எந்த நிலத்தையும் அதில் உருவாக்கலாம். படை அதிகாரியான அவர் மகன் 1824 இல் அதனைத் திருத்தி, 1:8000 அளவுடைய நிலப்படத்தின்மீது ஆடும் விதிகளை வெளியிட, பிரஷ்யப் படை அதனைப் பயிற்சிக் கருவியாக ஏற்றுக்கொண்டது. விளையாட்டுக்கும் போருக்கும் இடையே கதவு உண்டு என்பதும், அக்கதவு ஒரு காலத்தில் திறந்தே இருந்தது என்பதும் இதனாற் பெறப்படும்.

எச். ஜீ. வெல்ஸ் 1913 இல் வெளியிட்ட 'லிட்டில் வோர்ஸ்' என்னும் நூல் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. பொம்மைப் போரை ஆடிப் பார்ப்பவர் பெரும்போர் எத்துணைக் குளறுபடியானது என்பதை உணர்வர் என்றும், சிறுபோரே மனிதர்க்கு ஏற்ற அளவினது என்றும் அவர் கருதினார். மறு ஆண்டே முதலாம் உலகப்போர் மூண்டது. அந்நூல் அப்போரை மூட்டவுமில்லை, தடுக்கவுமில்லை. எனவே, விளையாட்டு மனிதனைக் கொலைஞனாக்குமா என்று வினவுவதைவிட, அது அவனை எதைக் காணச் செய்கிறது, எதைக் காணாமற் செய்கிறது என்று வினவுவதே பொருத்தமாகும்.

இவ்வினாவைப் பொதுநிலையில் நிறுத்தாது ஒரு நிலத்தின்மீது இறக்கிப் பார்த்தல் நன்று. ஒருவன் ஊவாவை மேசைமேல் அமைக்க முற்படுகிறான் என்று கொள்வோம். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. நமுனுகுல மலையின் உச்சி 2036 மீற்றர். 28 மில்லிமீற்றர்ப் பொம்மைக்கு ஏற்ப 1:60 என்ற அளவிற் செய்வதாயின், நகரத்திலிருந்து உச்சிவரை இருபத்திரண்டு மீற்றருக்கு மேல் மலை எழ வேண்டும். அது எந்த அறையிலும் அடங்காது. ஆகவே அமைப்பாளன் இரண்டு அளவுகளைக் கையாளுகிறான்: பொம்மைக்கு ஒன்று, நிலத்துக்கு மற்றொன்று. மலை குறுகும். ஒரு வீடு ஓர் ஊருக்காக நிற்கும். ஒரு பொம்மை இருபது பேருக்காகவோ ஐம்பது பேருக்காகவோ நிற்கும். இக்கலையின் அடிப்படை உடன்படிக்கை இதுவே. இதில் வஞ்சனை இல்லை. ஆயினும் ஐம்பது பேருக்கு ஒரு பொம்மை என்று வகுத்தபின், ஐம்பத்தொன்றாமவன் எங்கே நிற்பான் என்னும் ஐயம் எஞ்சியே இருக்கும்.

மலையகத் தமிழருக்கு இவ்வையம் கற்பனையன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட அவர்களைப் பற்றி 1964 ஒக்டோபர் 30 இல் இலங்கையும் இந்தியாவும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் பின்னர்த் தீர்க்கப்பட வேண்டியவர். 1974 இல் அவ்வெச்சமும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. ஆயிரத்தில் முடியும் இவ்வெண்கள் மேசையின் மேலிருந்து நோக்கும் பார்வையின் எண்கள். நமுனுகுல அடிவாரத்து லயமொன்றில் அண்ணன் ஓரெண்ணிலும் தம்பி மற்றோரெண்ணிலும் விழுந்திருக்கக் கூடும் என்பது அவ்வுயரத்திலிருந்து தெரிவதில்லை. தோட்டத்தின் அமைப்பும் அவ்வாறானதே. உயர்ந்த மேட்டிலே துரையின் பங்களா, கீழே தொழிற்சாலை, அதற்கும் கீழே லயங்கள். தேயிலை நின்ற ஒவ்வொரு சரிவும் ஒரு நம்பர் மலை. சிறிதாக்கிக் காணும் பார்வை மேசைப்போரினாற் பிறந்ததன்று. ஆட்சியின் பார்வையும் அதுவே. விளையாடுபவன் அதனை ஒரு மாலைப்பொழுதுக்கு இரவல் வாங்குகிறான்.

இனி, இம்மேசையில் எந்தப் போரை நிகழ்த்துவது? ஊவாவிலே முதலில் நினைவுக்கு வருவது 1817–1818 ஆம் ஆண்டுக் கிளர்ச்சி. பதுளையிலிருந்த பிரித்தானிய அதிகாரி வில்சன் 1817 இற் கொல்லப்பட்டதை அடுத்து அது பரவியது. அதனை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை கிளர்ச்சியாளருடன் இணைந்து அவர்களின் தலைவரானார். 1818 நவம்பரிலே கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஆனால் கிளர்ச்சி அடங்கியது களத்து மோதல்களால் மட்டுமன்று. ஊர்கள் எரிக்கப்பட்டன, நெல் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கவரப்பட்டன. 1819 இல் ஊவா வழியாகச் சென்ற மருத்துவர் ஜோன் டேவி தாம் கண்ட பாழ்நிலையை 1821 இல் வெளியான தம் நூலிற் பதிந்துள்ளார். மேசைமேற் பாதைக் காவலும் மறைந்திருந்து தாக்குதலும் அழகுற ஆடப்படலாம். வயலைக் கொளுத்துவதை எவ்வாறு ஆடுவது? அங்கே எதிரி இல்லை. தாயக்கட்டைக்கும் வேலை இல்லை.

மேசைப்போரின் உண்மையான குறை இங்கேதான் வெளிப்படுகிறது. ஆட்டம் என்பதற்கு இரு தரப்பார் வேண்டும். இருவர்க்கும் வெல்லும் வாய்ப்பு வேண்டும். ஆகவே அது வரலாற்றிலிருந்து சமபலப் போட்டி போலத் தோன்றும் பகுதியை மட்டும் பொறுக்கியெடுக்கிறது. 1983 யூலையிலே பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2000 ஒக்டோபரில் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ முகாமில் நிராயுதபாணிகளான தமிழ் இளைஞர் இருபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இவற்றை எவரும் மேசைமேல் ஆட எண்ணார், எண்ணாமை நன்றே. ஆனால் ஆடத்தக்கவற்றை மட்டுமே தொடர்ந்து காணும் கண், போர் என்றாலே ஆடத்தக்கது என எண்ணப் பழகிவிடும். பொய் சொல்வது குற்றமாயின், உண்மையின் ஒரு பகுதியை மட்டும் மீண்டும் மீண்டும் சொல்வது அதனின் வெகுதூரத்தில் இல்லை.

தமிழ்ப் புறத்திணை மரபும் இக்குறையிலிருந்து முற்றும் விடுபட்டதன்று. எனினும் குறையை அது மறைக்கவில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு போரொழுக்கத்தையும் ஒரு நிலத்தோடு இயைத்தது. வெட்சி குறிஞ்சிக்குப் புறன். வஞ்சி முல்லைக்குப் புறன். பகைவர் நாட்டை எரியூட்டுவதையும் வஞ்சியின் ஒரு துறையாக வகுத்து, அந்நாட்டின் அழிவுக்கு இரங்கும் கொற்றவள்ளைக்கும் இடம் தந்தது. புறநானூற்றின் ஒன்பதாம் பாடலிலே, அம்பு தொடுக்குமுன் பசுக்களும் அந்தணரும் பெண்டிரும் பிணியுடையோரும் புதல்வரைப் பெறாதோரும் காவலிடம் சேருமாறு முன்னறிவிக்கும் வேந்தன் போற்றப்படுகிறான். எல்லா வேந்தரும் இவ்வாறு செய்தனர் என்பது பெறப்படாது. ஆனால் களத்தில் இறங்குமுன் அங்குள்ள போரிடாதோரைக் காண வேண்டும் என்னும் கடமை அப்பாடலில் உண்டு. மேசைப்போரின் நிலத்தில் வீடு இருக்கும், வீட்டார் இரார். விதிநூலின் கணக்கிலே வீடு என்பது குண்டுக்கு மறைவு தரும் ஒரு தடை மட்டுமே.

அவ்வாறாயின் இக்கலையைத் தள்ளிவிடலாமா? தள்ளுதல் தகாது. ஏனெனில் ஆடும் கண் மறப்பதை ஆக்கும் கை சில வேளைகளில் நினைவூட்டுகிறது. வில்லியம் சிபோர்ன் என்னும் பிரித்தானிய அதிகாரி வாட்டர்லூப் போர்க்களத்தை ஏறத்தாழ 1:600 அளவில், எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட உலோகப் பொம்மைகளோடு அமைத்து 1838 இல் இலண்டனிற் காட்சிக்கு வைத்தார். அதற்காகக் களத்திலே பல மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரிட்ட அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதங்களிலே படை நின்ற இடத்தை மட்டுமன்றி, அன்று வயலில் நின்ற பயிர் யாது என்றும் கேட்டார். பசும்பொடியைத் தூவுபவனுக்கு அது கோதுமையா, வேறு தானியமா என்று தெரிந்தாக வேண்டும். பயிரைக் கேட்டவன், விதைத்தவன் ஒருவன் இருந்தான் என்பதை விட்டு வெகுதூரம் போக முடியாது. பிரஷ்யப் படையின் பங்கைக் காட்டிய முறையால் வெலிங்டன் தரப்பாரின் அதிருப்தியையும் அவர் ஈட்டினார். உண்மையை நாடிச் செய்யப்படும் சிற்றுரு அதிகாரத்துக்கு உவப்பாக இருப்பதில்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

ஊவாவை அமைப்பவனுக்கும் இவ்வினாக்கள் எழும். 1818 ஆம் ஆண்டு நிலமாயின் தேயிலை வைத்தல் பிழை. இந்நாட்டிலே தேயிலை வணிகப்பயிராகத் தொடங்கியது 1867 இல். அதற்கு முன்னரே கோப்பித் தோட்டங்கள் வந்தன. அவற்றுக்கும் முன்னர் இங்கு காடும் பத்தனைப் புல்லும் வயற்படிகளும் இருந்தன. பின்னைய காலமாயின் லயம் வேண்டும். பழைய லயக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. 1:60 அளவில் அது ஐந்து சென்றிமீற்றருக்கு ஆறு. பொம்மையின் அடித்தட்டு இரண்டரைச் சென்றிமீற்றர். எனவே அக்காம்பராவினுள் நான்கு பொம்மைகளை நிறுத்தலாம், ஐந்தாவதற்கு இடமில்லை. ஆனால் அத்தகைய ஒற்றைக் காம்பராவிலே ஐவரும் எழுவரும் கொண்ட குடும்பங்கள் தலைமுறைகளாக உண்டும் உறங்கியும் வந்தன. ஊவாத் தோட்டமொன்றிற் பிறந்து 2022 இல் மறைந்த தெளிவத்தை ஜோசப், 'மீன்கள்' என்னும் சிறுகதையில் இந்நெருக்கடியையே பேசினார். அட்டையை வெட்டி ஒட்டும் ஒருவன், ஐந்தாவது பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு இடமின்றி விழிக்கும்போது, அக்கதையின் வாயிலை வேறு வழியாக வந்தடைகிறான்.

நவராத்திரிக் கொலுவையும் இங்கு ஒப்பிடுதல் தகும். படிகளின் பக்கத்திலே மண்ணால் மலை கட்டி, உச்சியிற் கோயில் வைத்து, முளைப்பயிரை வயலாக்கி, கண்ணாடியைக் குளமாக்கும் வழக்கம் தமிழரிடையே உண்டு. கைவேலையால் அதுவும் மேசைப்போரின் நிலமும் உடன்பிறந்தவையே. ஆனால் கொலுவிலே தானியம் பரப்பிய செட்டியாரும் மனைவியும் முன்வரிசையில் இருப்பர். அங்கு நிலம் வாழ்வோர்க்கு உரியது. இங்கு கடந்து செல்வோர்க்கு உரியது.

இவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். சிறிதாக்குதல் தீதன்று; சிறிதாக்காமல் மனிதன் எதனையும் முழுமையாகக் காண இயலாது. சிறிதாக்கும்போது விடப்பட்டது யாது என்பதை மறத்தலே தீது. மேசைப்போரை அமைப்பவன் தன் மலைச்சரிவிலே கொழுந்துக் கூடையுடன் ஒருத்தியையும் நிறுத்தலாம். எரிந்த வீட்டை வென்றவன் கணக்கிலே குறைவாக எழுதும் விதியொன்றையும் சேர்க்கலாம். அதனால் ஆட்டத்தின் விறுவிறுப்புச் சற்றுக் குறையலாம். அக்குறைவை ஏற்கும் மனமே, நாளை உண்மையான நிலப்படத்தின் முன்னோ மக்கட்டொகைப் பட்டியலின் முன்னோ அமர நேரும்போது, ஓரெண்ணின் கடைசிச் சுழியை எழுதுமுன் சற்றுத் தயங்கும். அத்தயக்கத்தைப் பழக்குமாயின், சிறுமியர் சிற்றிலைக் காலால் அழியாது நின்ற குழந்தையின் பண்பு இவ்விளையாட்டுக்கும் வாய்த்ததாகும்.